வாட்டம் திரைக்கு வந்த கதை

மொட்டை மாடியில் தட்டோடு பதித்து முடிந்ததும், எங்கள் ஊர்க் கொத்தனார் கூலி வாங்குவதற்கு முன் ஒரு காரியம் செய்வார். ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய் மாடியின் மேட்டு மூலையில் மெல்லச் சாய்ப்பார். வீட்டுக்காரர், சித்தாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எங்கும் தேங்காமல் நெளிந்து நெளிந்து போய் அது குழாய் வாயில் விழுந்துவிட்டால் வேலை சுத்தம். பத்தடிக்கு ஒரு இஞ்சு வாட்டம் என்பது அவர் கணக்கு.

சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு மனைப்பிரிவுகளுக்கும் பள்ளி வளாகங்களுக்கும் கிட்டங்கிகளுக்கும் தரைமட்ட வரைபடம் போட்டுக் கொடுப்பது என் தொழில். குடத்துத் தண்ணீர் செய்யும் வேலையை நான் கணினித் திரையில் செய்கிறேன். எங்கே மண் வெட்ட வேண்டும், எங்கே கொட்ட வேண்டும், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதையெல்லாம் அம்புக்குறிகளாலும் எண்களாலும் காட்டுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மனைக்கு அப்படி வரைந்தபோது, திரையில் இருந்த ஐம்பது அறுபது அம்புக்குறிகளிலும் '0%' என்றே வந்தது. பக்கத்தில் கொத்தனார் உட்கார்ந்திருந்தார்.

"என்ன தம்பி, ஒரே மட்டமால்லா காட்டுது? நான் தண்ணி டியூப் வச்சுப் பாத்தேன், கிழக்க நல்லா எறங்குது."

"நீங்க பாத்ததுதான் சரி அண்ணாச்சி. இதுலதான் என்னமோ கோளாறு" என்றேன்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு இரவுகள் ஆயின. அந்த இரண்டு இரவுகளில்தான் இந்த அம்புக்குறி எங்கே பிறந்தது, யார் கையால் வளர்ந்தது என்று தேடத் தொடங்கினேன். தேடத் தேட ஒன்று தெளிவாகியது. சாய்வு திரையில் தப்பாகத் தெரிகிறது என்றால், அதன் நெடிய பிறப்பு வரலாற்றில் ஏதோ ஒரு படியில் நாம் கால் தவறியிருக்கிறோம். எந்தப் படி என்று தெரிந்துவிட்டால் கோளாறைச் சரிசெய்யச் சில நிமிடங்கள் போதும்.

இவ்வளவு சின்னச் சாய்வுக்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்கலாம். எங்கள் மண் அப்படி. மேற்கே மலைத்தொடர் நிற்கிறது. அங்கிருந்து நிலம் கிழக்கு நோக்கித் தாழ்ந்துகொண்டே போகிறது. சங்கரன்கோவிலைத் தாண்டிவிட்டால் கரிசல்தான். கண்ணுக்கு அந்த நிலம் பலகை போலத் தெரியும். அந்தப் பலகைக்குள்தான் ஓடைகளும் கண்மாய்க் கால்களும் ஒளிந்திருக்கின்றன. கரிசல் மண் தண்ணீரைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். சுவரோரம் தண்ணீர் தேங்கினால் கடைக்கால் தூக்கும், அடுத்த கோடையில் இறங்கும், சுவர் குறுக்கே வாய் பிளக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் வீட்டைச் சுற்றித் தண்ணீர் நின்ற குடும்பங்களுக்கு நூறடிக்கு நாலு அங்குலம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

முதலில் எண். கொத்தனாரின் பத்தடிக்கு ஒரு இஞ்சு என்பது 120 இஞ்சுக்கு ஒரு இஞ்சு. பொறியாளர் அதை 1:120 என்று எழுதுவார். திரை அதை 0.83% என்று காட்டும். மூன்றும் ஒன்றுதான். இப்படி ஒன்றுக்கு இத்தனை என்று எழுதும் வழக்கத்தை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்ததில் ரயிலுக்குப் பெரிய பங்கு உண்டு. விருதுநகரிலிருந்து தென்காசிக்குப் போகும் பாதை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. தண்டவாளத்தின் ஓரமாகக் குட்டையான கம்பங்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கம்பத்தில் கை போல ஒரு பலகை. பாதை ஏறினால் கை மேல்நோக்கி நிற்கும், இறங்கினால் கீழ்நோக்கி. கையில் 150 என்றோ 200 என்றோ எண் இருக்கும். அத்தனை மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏற்றம் அல்லது இறக்கம் என்று பொருள். சமதளமாக இருந்தால் 'எல்' என்ற எழுத்து மட்டும். இன்ஜின் ஓட்டுநர் அதைப் பார்த்துத்தான் முன்னால் என்ன வருகிறது என்று அறிந்துகொள்வார். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் இந்தக் கம்பம்தான். திசையும் எண்ணும் ஒன்றாகச் சேர்ந்த சாய்வுக் குறி அது. இன்று என் திரையில் நிற்கும் அம்புக்குறியும் அதே குடும்பம்தான்.

ரயில்காரர்கள் 1:150 என்றால் முதலில் வருவது உயரம், பின்னால் வருவது தூரம். மண்கரை போடுகிறவர்களிடம் போனால் எழுத்து தலைகீழாகிவிடும். கண்மாய்க் கரைக்கு 2:1 சரிவு என்றால் அங்கே முதலில் வருவது தூரம், பின்னால் வருவது உயரம். இரண்டு மரபும் நம் ஊரில் பல தலைமுறைகளாகப் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன. மென்பொருளும் இரண்டையும் அப்படியே உள்ளே வாங்கிக்கொண்டது. சிவில் 3டி போன்ற மென்பொருளில் 'கிரேடு' என்று ஒரு பெட்டி, 'ஸ்லோப்' என்று ஒரு பெட்டி. கிரேடில் 2 என்று அடித்தால் நூறு மீட்டருக்கு இரண்டு மீட்டர் இறக்கம். ஸ்லோப்பில் அதே 2 என்று அடித்தால் இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம், அதாவது 50%. விளையாட்டுத் திடலுக்குப் போட வேண்டிய சாய்வு கண்மாய்க் கரை ஆகிவிடும். மென்பொருள் கெட்டுவிட்டது என்று என்னிடம் வந்த படங்களில் பல இந்த ஒரு குழப்பத்தில் பிறந்தவை.

இனி என்னுடைய '0%' கதை. அந்த மனையின் சாய்வு 1:250. சதவீதத்தில் 0.4. எண்ணின் அமைப்பில் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் காட்ட வேண்டும் என்ற இடத்தில் சுழியம் இருந்தது. 0.4 என்பதை முழு எண்ணாக்கினால் 0. வேறு கோளாறு எதுவும் இல்லை. மலைநாட்டில் வேலை செய்கிறவருக்கு இந்த அமைப்பால் ஒரு தீங்கும் வராது. அவருடைய 12% 12% ஆகவே தெரியும். கரிசல் காட்டில் வேலை செய்கிறவருக்கோ அவருடைய மொத்த நிலமும் புள்ளிக்குப் பின்னால்தான் இருக்கிறது. அன்று முதல் இரண்டு இலக்கத்துக்குக் குறைவாக நான் எந்தப் படத்தையும் வெளியே கொடுப்பதில்லை.

அடுத்தது மட்டம். சாய்வைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் எது மட்டம் என்று தெரிய வேண்டும். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழை அடைத்து மட்டம் பார்க்கும் கருவியை 1661 வாக்கில் உருவாக்கியவர் பிரான்சின் மெல்கிசெதெக் தெவனோ. நம் கொத்தனார் கையில் இருக்கும் ரசமட்டம் அதன் வம்சம். 1832 இல் வில்லியம் கிராவட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் அந்தக் குமிழையும் குட்டையான தொலைநோக்கியையும் சேர்த்து டம்பி லெவலைச் செய்தார். பாலிடெக்னிக்கில் படித்த ஒவ்வொருவரும் அதன் முக்காலியைத் தோளில் சுமந்திருப்போம். கொத்தனாரின் தண்ணீர் டியூபுக்கு இந்தப் பெருமையெல்லாம் வேண்டாம். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும், அவ்வளவுதான். நடுவில் ஒரு காற்றுக் குமிழ் சிக்கிக்கொண்டால் மட்டும் அளவு பொய்த்துவிடும். டியூபைத் தட்டித் தட்டி அந்தக் குமிழை வெளியேற்றிய பிறகே கொத்தனார் சுவரில் கோடு போடுவார். கோளாறைத் தேடும் பழக்கம் அவருக்குக் கணினி வருவதற்கு முன்பே இருந்தது.

ஊருக்கு ஊர் மட்டம் பொருந்த வேண்டுமானால் எல்லோருக்கும் பொதுவான ஒரு தொடக்கம் வேண்டும். 1802 ஏப்ரல் 10 அன்று சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் தொடங்கிய அடிக்கோட்டு அளவீடுதான் பின்னாளில் இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் மூடியது. அதன் முதுகெலும்பான பெரிய வில் 78 ஆவது தீர்க்கரேகையை ஒட்டிச் செல்கிறது. எங்கள் ஊர் அதற்குச் சற்று மேற்கே. 1808 இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் ஏற்றும்போது கோணம் அளக்கும் அவருடைய பெரிய தியோடலைட் மோதி நசுங்கியது. அதை ஆறு வாரம் உட்கார்ந்து தட்டி நேராக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். உயரங்களுக்கான துல்லிய மட்ட அளவீடு 1858 இல் தொடங்கி, கடலின் ஏற்ற இறக்கத்தைப் பல ஆண்டுகள் அளந்த ஒன்பது துறைமுக நிலையங்களின் சராசரியோடு இணைக்கப்பட்டது. சென்னையும் நாகப்பட்டினமும் அவற்றில் உண்டு. சங்கரன்கோவில் கடல் மட்டத்துக்கு மேல் 140 மீட்டர் சொச்சம் என்று நாம் சொல்வதெல்லாம் அந்தக் கணக்கை வைத்துத்தான்.

செயற்கைக்கோள் கருவிகள் வந்த பிறகு இந்த இடத்தில் புதிதாக ஒரு கண்ணி முளைத்திருக்கிறது. அவை நேரடியாகத் தரும் உயரம் கடல் மட்டத்திலிருந்து அளந்தது இல்லை. பூமியைச் சற்றே தட்டையான, வழவழப்பான உருண்டையாகக் கற்பனை செய்துகொண்டு, அதன் பரப்பிலிருந்து அளந்தது. இந்தியாவின் தென்கோடியில் இந்த இரண்டு கணக்குக்கும் நடுவே ஏறத்தாழ 90 மீட்டர் வேறுபாடு இருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் உலகிலேயே புவியீர்ப்பு மட்டம் மிகத் தாழ்ந்த குழி ஒன்று உண்டு. அங்கே வேறுபாடு 106 மீட்டரைத் தொடும். அது ஏன் என்பதற்குப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் 2023 இல் ஒரு விளக்கம் தந்தார்கள். அந்தக் குழியின் கரையில் நாம் குடியிருக்கிறோம். அதனால் ஒரே மனையில் பாதிப் புள்ளிகளைக் கடல் மட்ட உயரம் குறித்த பெஞ்ச் மார்க்கிலிருந்தும், மீதியைத் திருத்தாத செயற்கைக்கோள் உயரத்திலும் எடுத்துக் கலந்துவிட்டால், கரிசல் காட்டின் நடுவே திரையில் குற்றாலம் போல ஒரு செங்குத்து எழும்பும். அம்புக்குறி நூற்றுக்கணக்கான சதவீதம் காட்டும். சுவீடனில் இருக்கும் வரைவாளருக்கு இதே தப்பு இவ்வளவு பெரிதாகத் தெரியாது. நம் பக்கத்தில் உடனே தெரிந்துவிடுகிறது. அந்த வகையில் அது நல்லதுதான்.

மூன்றாவது படி காகிதம். மேடு பள்ளத்தைத் தட்டையான தாளில் எப்படிக் காட்டுவது? வெகுகாலம் மலையைக் கவிழ்த்த கிண்ணம் போல வரைந்துகொண்டிருந்தார்கள். 1774 இல் பூமியின் எடையைக் கணக்கிட ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலையை அளந்தார்கள். குவிந்துகிடந்த அந்த உயர எண்களை வைத்துக்கொண்டு கணக்குப் போட உட்கார்ந்தவர் சார்லஸ் ஹட்டன் என்ற கணித ஆசிரியர். ஒரே உயரமுள்ள புள்ளிகளைக் கோட்டால் இணைத்துப் பார்த்தபோது மலையின் உருவம் தாளில் எழுந்துவிட்டது. நீருக்கடியில் ஆழத்தைக் காட்ட ஹாலந்துக்காரர்கள் இதற்கு முன்பே இப்படிக் கோடு போட்டிருந்தார்கள். 1730 வாக்கில் மெர்வேடா ஆற்றுக்கு க்ரூக்வியஸ் போட்ட படம் அதில் பேர் பெற்றது. சமஉயரக் கோடு, நாம் கான்டூர் என்கிறோமே, அதன் வேர் இங்கேதான்.

கான்டூர் உயரத்தைக் காட்டும். சாய்வை நாமே கோடுகளின் நெருக்கத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டும். சாய்வை நேரடியாகக் காட்டவேண்டும் என்று முனைந்தவர் யோஹான் கியோர்க் லேமன் என்ற சாக்சனிப் படை அதிகாரி. 1799 இல் அவர் ஒரு விதி வகுத்தார். தண்ணீர் ஓடும் திசையிலேயே சின்னச் சின்னக் கோடுகளை இழுக்க வேண்டும். சாய்வு கூடக் கூடக் கோட்டின் தடிமன் கூட வேண்டும். சமதரை என்றால் முழுவெள்ளை. 45 பாகை என்றால் முழுக்கருப்பு. படைகளும் பீரங்கிகளும் எந்தச் சரிவில் ஏறமுடியும் என்று தளபதி ஒரே பார்வையில் அறிய வேண்டும், அதற்காகப் பிறந்தது இது. பழைய நிலப்படங்களில் மலைகள் கம்பளிப்பூச்சி போலத் தெரிவது இந்தக் கோடுகளால்தான்.

லேமனின் கோடுகள் செத்துப்போகவில்லை. இன்றைய தரைமட்ட வரைபடத்தில் வெட்டுச்சரிவுக்கும் மண்கரைக்கும் ஒரு நீளக்கோடு, ஒரு குட்டைக்கோடு என்று மாற்றி மாற்றிச் சீப்புப் பல்லைப் போல வருகிறதே, அது அவர் கோட்டின் பேரப்பிள்ளை. குட்டைப்பல் தொடங்கும் விளிம்புதான் மேடு. பல் இறங்கும் பக்கம் பள்ளம். இந்தச் சீப்பு திரையில் தெரியவில்லை, அல்லது தலைகீழாக நிற்கிறது என்பது புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. தெரியவில்லை என்றால் பெரும்பாலும் அந்தச் சரிவின் காட்சி அமைப்பில் சீப்புக்கான வரி அணைந்திருக்கும், அல்லது அதன் லேயர் உறைந்திருக்கும். தலைகீழ் என்றால் எது மேல்விளிம்பு, எது அடிவிளிம்பு என்பதை மாற்றிச் சொல்லியிருப்போம். கணினி கீழே குனிந்து பார்ப்பதில்லை. நாம் எந்தக் கோட்டை மேடு என்று சொல்கிறோமோ அதுதான் அதற்கு மேடு.

இதோடு சேர்ந்த இன்னொரு சிக்கலும் எங்களுக்கு உண்டு. சங்கரன்கோவில் நிலநடுக்கோட்டிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் இருக்கிறது. உலக ஆயத்தொலைவுகளில் வரைந்தால் ஒவ்வொரு புள்ளியின் வடதிசை எண்ணும் பத்து லட்சம் மீட்டரைத் தாண்டும். பரப்பை நிரப்பும் ஹேட்ச் கோலங்கள் தொடக்கப்புள்ளியிலிருந்து அவ்வளவு தொலைவில் வரையப்படும்போது சில நேரம் கோணலாகும், சிதறும், சில நேரம் காணாமலே போகும். கோலத்தின் தொடக்கத்தை மனைக்கு அருகே மாற்றி வைத்தால் அது தானாக ஒழுங்காகிவிடுகிறது.

எனக்கு மிகவும் நெருக்கமான படி நான்காவது. 1958 இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. யில் சார்லஸ் மில்லர், லாஃப்லாம் என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். நெடுஞ்சாலை போட நிலத்தைக் காகிதத்தில் வரைய வேண்டியதில்லை, எண்களாகவே கணினிக்குள் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதற்கு எண்வழி நிலமாதிரி என்று பெயர் வைத்தார்கள். நிலம் கோட்டிலிருந்து புள்ளிக்கு மாறியது அங்கேதான். ஆனால் புள்ளிகள் மட்டும் இருந்தால் நிலம் ஆகாது. புள்ளிகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதற்கு மூன்று மூன்று புள்ளிகளாக இணைத்து முக்கோணங்களால் தரையைப் பரப்பினார்கள். 1970களின் தொடக்கத்தில் கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் தாமஸ் பாய்க்கரும் அவர் தோழர்களும் இதைச் செய்தார்கள். 1973 இல் ராண்டால்ஃப் ஃப்ராங்க்ளின் அதற்கான நிரலை எழுதினார். எந்த மூன்று புள்ளிகளை இணைப்பது என்ற கேள்விக்கு விடை அதற்கும் நாற்பது ஆண்டு முன்பே இருந்தது. ரஷ்யக் கணிதர் போரிஸ் தெலோனே 1934 இல் சொன்ன விதி அது. முக்கோணத்தின் மூன்று முனைகளையும் தொட்டு ஒரு வட்டம் போட்டால், அதற்குள் வேறு எந்தப் புள்ளியும் இருக்கக்கூடாது. ஒல்லியான முக்கோணங்களைத் தவிர்த்துக் குண்டான முக்கோணங்களைத் தேர்ந்தெடுக்க இது உதவும். தெலோனே பேர்பெற்ற மலையேறியும் கூட. அல்தாய் மலையில் ஒரு சிகரத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. மேடு பள்ளத்தைக் காலால் அறிந்த ஒருவர் வகுத்த விதியால்தான் இன்று உலகத்துத் தரைகளெல்லாம் கணினிக்குள் கட்டப்படுகின்றன என்பது எனக்கு மனநிறைவாக இருக்கிறது.

அந்த விதிக்கும் ஒரு எல்லை உண்டு. நம் பக்கத்தில் மனை மட்டம் எடுக்கும்போது பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கட்டம் போட்டு, ஒவ்வொரு மூலையிலும் ஸ்டாஃப் என்ற அளவுகோலை நிறுத்தி லெவல் எடுப்பது வழக்கம். அப்படி ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்வோம். எதிரெதிர் மூலைகள் இரண்டில் 141.20, மற்ற இரண்டில் 141.00. சதுரத்தின் நான்கு மூலையும் ஒரே வட்டத்தில் விழும். ஆகவே குறுக்குக்கோட்டை எந்தப் பக்கம் போட்டாலும் தெலோனே விதி ஒப்புக்கொள்ளும். கணினி எதையாவது ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். உயர்ந்த மூலைகளை இணைத்தால் கட்டத்தின் நடுவே 141.20 இல் ஒரு வரப்பு. அம்புக்குறிகள் இருபுறமும் விலகி ஓடும். தாழ்ந்த மூலைகளை இணைத்தால் நடுவே 141.00 இல் ஒரு வாய்க்கால். அம்புக்குறிகள் நடுவை நோக்கி வரும். இரண்டிலும் சாய்வு எண் ஒன்றே, 2.83%. புள்ளிகளும் அவையே. தண்ணீர் மட்டும் நேர் எதிராகப் போகிறது. கட்டம் போட்டு எடுத்த மட்டத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இந்த இரட்டை நாக்கு உண்டு என்பதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

அதே கட்டத்தில் இன்னொரு வம்பும் இருக்கிறது. முக்கோணத்தின் மேல் ஒரே இடத்தைத் தொட்டுச் சாய்வு கேட்டால், அந்த முக்கோணத்தின் மிகச் செங்குத்தான இறக்கத்தைக் காட்டும், 2.83%. விளிம்போரமாக இரண்டு மூலைகளைத் தொட்டுக் கேட்டால் அவற்றுக்கிடையே உள்ள இறக்கத்தைக் காட்டும், 2.00%. ஒரு படத்தில் இரண்டு எண். ஒப்பந்தக்காரர் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார், மேற்பார்வையாளர் இன்னொன்றைப் பிடித்துக்கொள்கிறார், நடுவில் வரைந்தவன் மாட்டிக்கொள்கிறான். இரண்டு பேரும் சொல்வது சரிதான். அவர்கள் கேட்ட கேள்விகள் வேறு வேறு.

ஓடை, வரப்பு, சாலை விளிம்பு, கண்மாய்க் கரை இவையெல்லாம் முக்கோணங்களுக்குத் தெரியாது. ஒரு மீட்டர் அகல ஓடை கட்டத்தின் நடுவே போனால், கணினி அதன் இரு கரைகளையும் இணைத்துப் பாலம் போட்டுவிடும், ஓடை மூடிக்கொள்ளும். அதைத் தடுக்க, இந்தக் கோட்டைத் தாண்டி முக்கோணம் போடாதே என்று சொல்லும் வரம்புக்கோடு உண்டு. மென்பொருளில் அதற்கு பிரேக்லைன் என்று பெயர். பழைய வரைபடத்தின் கான்டூர் கோடுகளிலிருந்து மட்டும் தரையைக் கட்டினால் வேறொரு சிக்கல். ஒரே கான்டூரில் இருக்கும் மூன்று புள்ளிகள் சேர்ந்து முக்கோணம் ஆகிவிட்டால் அதன் மூன்று முனைக்கும் ஒரே உயரம், சாய்வு சுழியம். முகடுகளிலும் ஓடை மடிப்புகளிலும் இந்தப் பொய்ச் சமதளங்கள் திட்டுத் திட்டாகத் தெரியும். மனை எல்லைக்கு வெளியே தொலைவான இரண்டு புள்ளிகளை இணைத்து நீண்ட ஊசி முக்கோணங்கள் நிற்கும். எல்லைக்கோட்டால் அவற்றை வெட்ட வேண்டும். உயரம் அடிக்க மறந்த ஒரு புள்ளி சுழியத்தில் உட்கார்ந்துவிட்டால், 141 மீட்டர் தரையில் பத்து மீட்டருக்குள் அடிபாதாளம், 1410% சாய்வு. நிறம் பிரித்துச் சாய்வைக் காட்டும்போது இந்த ஒற்றைப் புள்ளி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். எட்டு நிறத்தைச் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 176%. மனை முழுவதும் முதல் நிறத்தில் அடங்கிவிடும். படம் ஒரே பச்சையாகத் தெரிந்தால் நிறத்தைக் குறை சொல்லாதீர்கள், அந்த ஒரு புள்ளியைத் தேடுங்கள்.

கடைசிப் படி திரை. 1982 டிசம்பரில் ஆட்டோகேட் வந்தது. அதன் மேல் நிலவேலைக்கான துணைநிரல்களை எழுதி வளர்ந்த சாஃப்ட்டெஸ்க் நிறுவனத்தை 1997 இல் ஆட்டோடெஸ்க் வாங்கிக்கொண்டது. 2004 வாக்கில் சிவில் 3டி வெளியானது. அதுவரை கோடு கோடாகவும் எண் எழுத்தாகவும் வரைந்ததெல்லாம் அதன் பிறகு உயிருள்ள தரையோடு கட்டப்பட்டது. ஒரு புள்ளியை மாற்றினால் அம்புக்குறியும் மாறும். மாறவில்லை என்றால் தரை பழையதாகிக் காத்திருக்கிறது என்று பொருள். மறுபடி கட்டு என்று கட்டளையிட வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. திட்டத் தரையிலிருந்து வெட்டுச்சரிவு போய் இயற்கைத் தரையைத் தொட வேண்டும் என்று சொல்லியிருப்போம். ஆனால் மட்டம் எடுத்த பரப்பு அதுவரை போகாது. சரிவு தொட இடமின்றி நின்றுவிடும், ஒன்றும் வரையப்படாது. இந்த நேரத்தில் சாய்வு எண்ணை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. மனைக்கு வெளியே இன்னும் இருபது மீட்டர் லெவல் எடுத்துவரச் சொல்ல வேண்டும். எழுத்து கடுகுபோலத் தெரிவதும் பூசணிபோலத் தெரிவதும் படத்தின் அளவுத்திட்டத்தைப் பொறுத்தது. நெடுக்குவெட்டுப் படத்தில் சாலை மலையேறுவது போலத் தெரிந்தால், உயரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி வரைந்திருக்கிறோம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இந்த மென்பொருளில் ஒரு கருவி இருக்கிறது. தரையில் ஒரு இடத்தைத் தொட்டால், அங்கே விழுந்த ஒரு துளி நீர் முக்கோணம் முக்கோணமாக இறங்கிப் போகும் வழியைக் கோடாகப் போட்டுக் காட்டும். ஒரு நாள் அதைக் கொத்தனாருக்குக் காட்டினேன். மனையின் மேட்டு மூலையில் தொட்டேன். கோடு கிழக்கே இறங்கிப் பாதிவழியில் ஒரு கட்டத்துக்குள் நின்றுவிட்டது. அவர் குனிந்து பார்த்தார்.

"இங்க நிக்காது தம்பி. இந்த எடத்துல ஒரு பழைய வாய்க்கா கெடக்கு. தண்ணி அதுவழியா போயிரும்."

மறுநாள் போய்ப் பார்த்தோம். முழங்கால் ஆழத்துக்கு, முள் மண்டிய ஒரு வாய்க்கால் அங்கே கிடந்தது. கட்டத்தின் எந்த மூலையிலும் அது விழவில்லை, அதனால் ஸ்டாஃப் அதைத் தொடவே இல்லை. அதன் இரு கரையிலும் அடியிலும் புள்ளி எடுத்து வரம்புக்கோடு போட்டதும் துளி நீர் நிற்காமல் ஓடியது. அந்த வாய்க்காலை மூடாமல் அப்படியே திட்டத்தில் வைத்துக்கொண்டோம்.

மட்டம் எடுக்கப் போகும் தம்பி தங்கைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். கட்டத்தின் மூலைகளோடு நிறுத்தாதீர்கள். வரப்பைக் கண்டால் மேல்விளிம்பில் ஒன்று, அடிவிளிம்பில் ஒன்று. வாய்க்காலைக் கண்டால் இடக்கரை, அடி, வலக்கரை என்று மூன்று. வளைவில் இன்னும் நெருக்கமாக எடுங்கள். அந்த நிலத்தில் உழுதவர்களிடமோ ஆடு மேய்த்தவர்களிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள்: மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும்?